நாலாவது மணி நேரம்

பி.காம். இரண்டாம் செமஸ்டரில் கணக்குப்பதிவியலில் அரியர் விழுந்தது. சரியாகப் படிக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உண்மையில் படித்திருந்தேன். வினாத்தாளில் எது 3, எது 8 என்றுதான் தெரியவில்லை.

எனக்கு இருப்பது ஸ்டார்கார்ட் என்ற விழித்திரைக் கோளாறு. பரம்பரையாக வருவது. கண்ணாடி போட்டாலும் தெளியாது. நேரே பார்க்கிற இடம் மட்டும் அழிந்துகொண்டே போகும். ஓரப் பார்வை இருக்கும். அதனால் படி இறங்குவேன், பஸ் ஏறுவேன், ஓடிப் போய்க்கூட ஏறுவேன். எந்த பஸ் என்பதை மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் காதைப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஆபீஸ்களில் போய் நின்றால், யாரும் லேசில் நம்ப மாட்டார்கள்.

அரியருக்கு அப்புறம்தான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கே விண்ணப்பித்தேன். அதுவரை கூச்சம். இணையத்தில் பதிவுசெய்து, அரசு மருத்துவமனையில் கண் டாக்டரிடம் காட்டி, அட்டை தபாலில் வந்து சேர மூன்றரை மாதம் ஆனது. 40 சதவீதக் குறைபாடு என்று போட்டிருந்தது. அந்த 40 தான் சட்டம் போட்டிருக்கும் கோடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, கல்லூரிச் சேர்க்கையில் 5 சதவீத இட ஒதுக்கீடு போன்றவை அந்தக் கோட்டிலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கே.

அட்டை கையில் வந்ததும் கல்லூரிக்கு முதல் கடிதம் எழுதினேன். தோழி சொல்லச் சொல்ல, "எனது நிலையைக் கருணையுடன் பரிசீலித்துத் தக்க உதவி செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தேன். மூன்று வாரம் பதிலே இல்லை. நாம் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருகிற ஸ்கிரைப் கிடைக்குமா என்று நேரில் போய்க் கேட்டபோது தேர்வுப் பிரிவில் இருந்தவர் சொன்னார்: "ஸ்கிரைப் எல்லாம் பார்வை இல்லாத பிள்ளைங்களுக்கும்மா. நீ தனியாத்தானே பஸ்ல வர்ற?" அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

வரலாற்றுத் துறையில் பார்வையற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் என் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "தக்க உதவின்னா என்னம்மா? அவருக்கு எப்படித் தெரியும்? என்ன வேணுமோ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எழுது. கருணையைத் தூக்கிட்டு அந்த இடத்துல விதியைப் போடு" என்றார்.

விதி என்று அவர் சொன்னது, ஒன்றிய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்களை. அதைப் படித்த பிறகுதான் தேர்வுப் பிரிவுக்காரர் சொன்னது பாதி சரி என்று புரிந்தது. பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிக்கப்பட்ட நிலை, பெருமூளை வாதம் ஆகிய மூன்றுக்கும் கேட்டாலே ஸ்கிரைப் தர வேண்டும் என்று அதில் இருந்தது. என்னுடையது போன்ற குறைபார்வை அந்த மூன்றில் வரவில்லை. எழுதுவதில் தடை இருக்கிறது, ஸ்கிரைப் அவசியம் என்று அரசு மருத்துவமனைச் சான்றிதழ் தனியாகக் கேட்டிருந்தார்கள். அதற்கான படிவமும் அதிலேயே இணைப்பாக இருந்தது. இதை அன்றைக்கே அவர் சொல்லியிருக்கலாம். அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அந்த ஒரு தாளுக்காக மருத்துவமனைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை கண் டாக்டர் கையெழுத்துப் போட்டார். சந்தோஷமாக வீடு திரும்பிவிட்டேன். கண்காணிப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்று படிவத்தின் அடியில் இருந்தது. பொடி எழுத்து. நான் எங்கே பார்ப்பது?

அப்புறம் இரண்டாவது கடிதம். கணக்குத் தாள்களுக்கு ஸ்கிரைப். மணிக்கு 20 நிமிடம் வீதம் மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மற்றத் தாள்களுக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள். ஸ்கிரைபைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்திக்க அனுமதி. நான்கும் அந்த வழிகாட்டுதலை ஒட்டிக் கேட்டவைதான். எங்கள் கல்லூரியில் அதுவரை "வழக்கமாக" அரை மணிதான் கூடுதலாகக் கொடுத்து வந்தார்களாம். பேராசிரியர் சொன்னபடி கடிதத்தின் நகலிலும் "பெறப்பட்டது" முத்திரை வாங்கி வைத்தேன். பத்து நாளில் அனுமதி வந்தது. பெரிய எழுத்து மட்டும் வரவில்லை, ரகசியம் போய்விடுமாம். பதிலாக எல்லாத் தாளுக்கும் ஸ்கிரைப். ஒத்துக்கொண்டேன், அந்த நேரத்தில் சண்டை போடத் தெம்பில்லை.

(40-க்குக் கீழே இருக்கிறவர்கள் விட்டுவிட வேண்டாம். விகாஷ் குமார் என்பவர் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஸ்கிரைபுக்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்தது.)

ஸ்கிரைபாக வந்தது தமிழ்த் துறை முதலாமாண்டுப் பெண். "அக்கா, எனக்குக் கணக்குன்னாலே பயம்" என்றுதான் ஆரம்பித்தாள். தேர்வுக்கு முன் கிடைத்த அந்தச் சந்திப்பில், நூலகத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேரேட்டுக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுத்தேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொன்னார்கள்.

தேர்வில் இறுதிக் கணக்கு. அவள் வாசிக்க, நான் மனதில் கூட்டிச் சொல்ல, அவள் எழுத, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) வரைக்கும் வந்தோம். இரண்டு பக்கமும் சேரவில்லை. 900 ரூபாய் வித்தியாசம். மணி ஒன்று. மற்றவர்கள் விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. அவள் கை நடுங்கியது எனக்கே தெரிந்தது.

900 ஒன்பதால் வகுபடும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் பெரும்பாலும் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று எங்கள் சார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "முதல்லேர்ந்து ஒவ்வொரு எண்ணா வாசி. ஆயிரம், நூறுன்னு சொல்லாத, நாலு அஞ்சு ஆறுன்னு இலக்கமாச் சொல்லு" என்றேன். வினாத்தாளையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். 'பற்பல கடனாளிகள்' என்ற கணக்கில் அகப்பட்டது. நான் சொன்னது நாற்பத்தையாயிரத்து அறுநூறு. அவள் எழுதியிருந்தது நாற்பத்தாறாயிரத்து ஐநூறு. அடித்து எழுதி மறுபடி கூட்டி முடிக்கும்போது ஒன்று நாற்பது. பழைய அரை மணி வழக்கமாக இருந்திருந்தால் பத்து நிமிடம் முன்னாடியே தாளைப் பிடுங்கியிருப்பார்கள்.

கண்காணிப்புக்கு இருந்த மேடம் அதுவரை சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம்தான். ஆனாலும் இரண்டு மணி வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை; மற்ற விடைகளையும் ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அரியர் போய்விட்டது. 61.

அனுமதி ஒரு செமஸ்டருக்குத்தான். நவம்பர் தேர்வுக்குப் போன வாரம் மறுபடி எழுதிக் கொண்டுபோனேன். "போன தடவைதானேம்மா கொடுத்த?" என்றார் அதே தேர்வுப் பிரிவுக்காரர். இந்த முறை பெரிய எழுத்து வினாத்தாளை முதல் கோரிக்கையாகப் போட்டிருக்கிறேன். அவர் காதைப் பார்த்தபடி நகலை நீட்டினேன். முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினார்.