தொண்ணூறு கிழக்கு முகடு: கப்பல் நாட்குறிப்பு

ஏப்ரல் 4

இந்து சமுத்திரத்துக்கடியில் கிடக்கும் தொண்ணூறு கிழக்கு முகடு என்ற மலைத்தொடரில் கல் எடுக்க, விடியவே திருகோணமலையிலிருந்து வெளிக்கிட்டோம். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே ஆழம் காட்டும் எதிரொலிமானியின் திரையை விட்டு என்னால் கண்ணெடுக்க முடியவில்லை. மகாவலி கலக்கும் கடலுக்கடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி 3,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 6

கடல் அமைதி. நாள் முழுக்கக் கல் போடும் சாக்குகளுக்கு இலக்கம் எழுதினோம்.

ஏப்ரல் 8

முதல் ட்ரெஜ், அதாவது கடலடியில் கல் வாரும் கருவி, இறங்கியது. இரும்புச் சட்டத்தில் சங்கிலி வளையங்களால் பின்னிய பை. நிமிடத்துக்கு 60 மீட்டர் கம்பி விட்டாலும் அடியைத் தொட ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பிறகு கப்பல் மேட்டுப்பக்கமாக ஊர்ந்து இழுக்கும். அந்த நேரம் ஒருத்தரும் கதைப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் கம்பியின் இழுவிசை எண்ணில். எண் ஏறி விழுந்தால் பை பாறையைக் கடிக்கிறது. ஏறியது இறங்காமல் நின்றால் சிக்கிவிட்டது. அதற்காகவே நடுவில் பலம் குறைந்த இணைப்பு ஒன்று இருக்கும். அது அறுந்தால் கம்பி தப்பும்.

"கடிக்குது தம்பி, கடிக்குது!" என்றார் டெக் வேலையாட்களின் தலைவரான போசன் நானா. கிண்ணியாக்காரர்.

டெக்கில் சேறும் கறுத்த கட்டிகளுமாகக் கொட்டின. மேலே வெயில் கொளுத்துகிறது. கல்லைத் தொட்டால் ஐஸ். அடியில் தண்ணீர் 2, 3 பாகைதான்.

ஏப்ரல் 9

இரவு வேலைமுறை, வைர வாளில் கல் அறுப்பு. வெளிப்புறம் உப்புத்தண்ணீரில் ஊறி மஞ்சள் பழுப்பாகிவிட்டது. நடுவில் சாம்பல் நிற பசால்ட் என்ற எரிமலைப் பாறை, அதற்குள் அரிசிக்குறுணி அளவில் பெல்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமம். உள்ளே சேர்ந்த ஆர்கன் வாயுவை அளந்து வயது பார்க்க இந்த வெள்ளைதான் வேண்டும். தெற்கே உள்ள கெர்கெலன் எரிமலை மையத்துக்கு மேலாக, இந்தியாவைச் சுமக்கும் புவித்தட்டு வடக்கே நகர்ந்தபோது உண்டான முகடு இது. நீளம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். வடக்கே போகப் போக வயது கூடும்: தெற்கில் சுமார் 4 கோடி வருடம், வடக்கில் 8 கோடி. அறுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன்.

ஏப்ரல் 11

மாமா வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "கோபால்ட் கிடைச்சுதோ?" கேள்வி நியாயமானது. இந்து சமுத்திரத்தில் உள்ள அபனாசி நிகிடின் கடல்மலையின் கோபால்ட்டுக்காக 2024 இல் இந்தியா ஆய்வு அனுமதி கேட்டது. இலங்கையும் அந்தப் பகுதிக்கு உரிமை கோருகிறது. ஆனால் கோபால்ட் இருப்பது கல்லைப் போர்த்திய கறுப்பு மங்கனீசுப் படலத்தில்; அது பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். சுரண்டினால் திரும்ப வராது. அதில் என்னென்ன உயிர்கள் ஒட்டி வாழ்கின்றன என்று பார்த்து முடிக்காமல் தோண்டக் கூடாது என்பதே என் எண்ணம். இன்று ஒரு கட்டியில் நகமளவு பவளம் ஒட்டி வந்தது. உயிரியல்காரர் உடனே போத்தலில் போட்டார்கள். மாமாவுக்கு அதன் படத்தை அனுப்பியிருக்கிறேன்.