கேட்கும் நரம்பு இல்லாத பிள்ளைக்கு: தோட்டத்து லயத்திலிருந்து மூளைத்தண்டு இம்பிளான்ட் வரை

"மெஷின் வைத்தால் கேட்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் பெரும்பாலான குடும்பங்கள் கிளம்புகின்றன. எந்த மெஷின், எந்த இடத்தில் வைக்கிற மெஷின் என்பதுதான் விஷயமே. இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெற்றோரும், அவர்களோடு துணைக்குப் போய் வருகிற நாங்களும் கண்டது ஒன்றுதான். பரிசோதனைகளின் வரிசை பிசகினால் காசை விட வருஷம்தான் அதிகமாகக் கரையும்.

சத்தம் காதுக்குள் போய், நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட காக்லியாவில் மின்துடிப்பாக மாறி, கேட்கும் நரம்பு வழியாக மூளைத்தண்டைச் சேர்கிறது. பழுது காக்லியாவில் மட்டும் என்றால் காக்லியர் இம்பிளான்ட் (காக்லியாவுக்குள் மின்முனைகளைச் செருகும் கருவி) போதும். காக்லியாவே உருவாகவில்லை, நரம்பே இல்லை, தலையில் அடிபட்டு நரம்பு அறுந்துவிட்டது என்றால் அது உதவாது. கரண்ட் லைன் இழுக்காத லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பல்ப் மாட்டின கதைதான். அந்த நிலையில் மிஞ்சுகிற வழி ஓடிட்டரி பிரெயின்ஸ்டெம் இம்பிளான்ட், சுருக்கமாக ஏ.பி.ஐ. நரம்பு போய்ச் சேர வேண்டிய இடமான காக்லியர் நியூக்ளியஸ் மேலேயே ஒரு சின்னத் தகட்டை வைத்துவிடுவார்கள்.

1979இல் லொஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸும் வில்லியம் ஹிட்ஸெல்பேர்கரும் இதை முதலில் வைத்தது என்.எஃப்.2 நோயாளி ஒருவருக்கு. அந்த நோயில் இரண்டு பக்க நரம்பிலும் கட்டி வளரும். கட்டியை எடுக்கும்போது கேட்கும் நரம்பும் போய்விடும். அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்ததும் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள அந்த நோயாளிகளுக்குத்தான். பிறவியிலேயே நரம்பில்லாத பிள்ளைகளுக்கு வைப்பதை இத்தாலியின் வெரோனாவில் விட்டோரியோ கொலெட்டி முன்னெடுத்தார். நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கிட்டின இடம் சென்னை.

இனி வரிசை. பிள்ளைக்குக் கேட்குதா என்று தட்டைத் தட்டிப் பார்ப்பதை முதலில் விடுங்கள். பலகைத் தரையில் அதிர்வு ஓடும், சுவரில் நிழல் ஆடும். பிள்ளை அதற்குத் திரும்பும், பாட்டி "கேட்குது" என்பார், ஆறு மாதம் போய்விடும். பிறந்து 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை, 6 மாதத்துக்குள் ஹியரிங் எயிட் என்பது உலகமெங்கும் சொல்லப்படும் கணக்கு. மிட்வைஃப் மிஸ் கிளினிக் கொப்பியைப் பார்க்கும் நாளிலேயே சந்தேகத்தைச் சொல்லி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

அங்கே ஓ.ஏ.இ., பெரா என்று இரண்டு டெஸ்ட் வரும். இரண்டும் வேண்டும். ஓ.ஏ.இ. காக்லியாவின் முடிச்செல்களை மட்டும் பார்க்கும். நரம்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நரம்பின் துடிப்பைக் கோடாகக் காட்டுவது பெரா. நரம்பில்லாத பிள்ளையும் ஓ.ஏ.இ.யில் பாஸாகலாம். "பாஸ்" என்ற சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூன்று வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய குடும்பங்கள் உண்டு. பெராவில் கோடு தட்டையாக வந்தாலும் அதோடு முடிவு கட்டிவிடக் கூடாது. நரம்பு இருந்தும் துடிப்புகள் தாளம் தப்பிப் போகிற ஓடிட்டரி நியூரோபதியிலும் கோடு தட்டையாகத்தான் வரும்.

அடுத்து ஹியரிங் எயிட்டை மூன்று முதல் ஆறு மாதம் நாள் முழுக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். மலையில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். காதுக்குள் சூடு, வெளியே குளிர். மோல்டிலிருந்து (காதுக்குள் பொருந்தும் அச்சு) மேலே போகிற பிளாஸ்டிக் குழாயில் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். ஒரு துளி குறுக்கே நின்றால் போதும், மெஷின் ஓடும், பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது. மோல்டைக் கழற்றி, ரப்பர் புளோவரால் ஊதிவிட்டு மாட்டுங்கள். காலையில் ஒருமுறை, பிள்ளைக்காம்பராவிலிருந்து (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) கூட்டி வந்ததும் ஒருமுறை. மெஷின் கூவினால் சத்தத்தைக் குறைக்க வேண்டாம்; பெரும்பாலும் காது வளர்ந்து மோல்ட் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். கைக்குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு புது மோல்ட் தேவைப்படும்.

இதற்குள் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்க வேண்டும். சி.டி. எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. சி.டி. மட்டும் பார்த்து "காக்லியா நன்றாக இருக்கிறது" என்று ஓரிடத்தில் சொன்னதை நம்பி, காக்லியர் இம்பிளான்ட் நிதிக்காக ஒன்றரை வருஷம் வரிசையில் நின்ற பிறகு நரம்பில்லை என்று தெரிந்த சம்பவமும் உண்டு. எம்.ஆர்.ஐ. கேட்கும்போது உட்காது நரம்புக் கால்வாயைக் குறுக்காக வெட்டிக் காட்டும் மெல்லிய படங்கள் வேண்டும் என்று டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தில் வெள்ளை வட்டத்துக்குள் நான்கு கறுப்புப் புள்ளிகள் தெரியும். முன்பக்கம் மேலே முகநரம்பு, அதற்கு நேர் கீழே கேட்கும் நரம்பு, பின்பக்கம் இரண்டும் சமநிலை நரம்புகள். முன்பக்கக் கீழ்ப்புள்ளி முகநரம்பை விடப் பருமனாகவோ அதே அளவிலோ இருக்க வேண்டும். அது நூல் மாதிரி மெலிந்திருந்தால் சில இடங்களில் முதலில் காக்லியர் இம்பிளான்டையே வைத்துப் பார்ப்பார்கள். புள்ளியே இல்லையென்றால்தான் ஏ.பி.ஐ. பற்றிய பேச்சு.

ஸ்கேனுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். சாப்பாடும் மாப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. விடியற்காலை பஸ்ஸில் அழுத பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததால் ஸ்கேன் தள்ளிப்போனது உண்டு. சளி இருந்தாலும் மயக்க மருந்து டொக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். முடிந்தால் முதல் நாளே கண்டிக்குப் போய்த் தங்குங்கள். ஒரு பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போனால் போகட்டும்.

மெனின்ஜைட்டிஸ் (மூளையுறைக் காய்ச்சல்) வந்து கேட்காமல் போன பிள்ளைக்கு இந்த நிதானமெல்லாம் கிடையாது. காக்லியாவுக்குள் சில வாரங்களிலேயே எலும்பு வளரத் தொடங்கலாம். உடனே ஸ்கேன் எடுத்து, இடம் இருக்கும்போதே காக்லியர் இம்பிளான்ட் வைத்துவிட்டால் ஏ.பி.ஐ. வரை போகத் தேவையே இருக்காது.

சென்னை என்று முடிவானால் முதல் தடை பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, தகப்பனின் அடையாள அட்டையில் வேறொரு எழுத்து என்பது தோட்டப்புறத்தில் சாதாரணம். அதைத் திருத்திவிட்டே பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. இந்தியாவின் மெடிக்கல் இ-விசாவில் நோயாளியோடு இரண்டு பேர் போகலாம், ஆனால் தங்கல் 60 நாள் கணக்கு. ஒப்பரேஷன் முடிந்து 4 முதல் 8 வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள் என்பதால் 60 நாள் இழுபறியாகும். கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. செலவுக் கடிதத்தில் கருவி, ஒப்பரேஷன், ஐ.சி.யு., முதல் வருஷத்து மேப்பிங் (ஒவ்வொரு மின்முனையின் அளவையும் சரிசெய்வது), வெளிக்கருவியின் (வெளியே மாட்டும் பாகம்) உத்தரவாதம் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கட்டும். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய கடிதத்தோடு நிதி கேட்டுப் போனால் திரும்பி வருவீர்கள். நியூமோகொக்கல் தடுப்பூசியைக் குறைந்தது 2 வாரத்துக்கு முன் போட்டிருக்க வேண்டும்.

ஒப்பரேஷன் மண்டையைத் திறந்து செய்வது. காக்லியர் இம்பிளான்ட் மாதிரி லேசானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கம்பனியின் தகடு 8.5 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம், அதில் 21 மின்முனைகள். இன்னொரு கம்பனியின் தகட்டில் 12. நான்காம் மூளையறையின் பக்கவாட்டுப் பையில் அதைச் செருகி, மேசையிலேயே மின்துடிப்பு கொடுத்து, மூளைத்தண்டிலிருந்து கேட்டலுக்கான மின்அலை திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் தகட்டை ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி நகர்த்துவார்கள். மணிக்கணக்கில் போவது இதனால்தான். பிறகு கவனிக்க வேண்டியது மூளைநீர்க் கசிவு. மூக்கிலோ காயத்திலோ தெளிந்த நீர் வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், வாந்தி நிற்காவிட்டால் வோர்டில் உடனே சொல்லுங்கள். சளி என்று நினைத்துத் துடைத்துவிட்டு இருக்காதீர்கள்.

இயக்கும் நாள் பற்றி போனில் பார்த்த வீடியோக்களை மறந்துவிட்டுப் போங்கள். ஈ.சி.ஜி. மாட்டி, பக்கத்தில் டொக்டரை வைத்துக்கொண்டுதான் இயக்குவார்கள், ஏனென்றால் தகட்டுக்குப் பக்கத்திலேயே தொண்டை, முகம், இதயத் துடிப்பு சம்பந்தமான நரம்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு மின்முனையாக மெல்ல ஏற்றும்போது பிள்ளையையே பாருங்கள். இருமுதா, விழுங்குதா, கன்னம் துடிக்குதா, கண் ஆடுதா, கையைக் காலைத் தேய்க்குதா? அப்படிச் செய்தால் அது சத்தமல்ல, பக்க நரம்பு. அந்த முனையை அணைத்துவிடுவார்கள். சில முனைகள் அணைவது தோல்வியில்லை. முதல் நாளில் பிள்ளை சும்மா இருந்தாலும் பயப்பட வேண்டாம். காக்லியாவில் தடித்த சத்தம் ஒரு நுனி, கீச்சுச் சத்தம் மறுநுனி என்று ஒழுங்கிருக்கும். மூளைத்தண்டின் மேற்பரப்பில் அந்த ஒழுங்கு தகட்டுக்குச் சரியாகப் பிடிபடாது. எது தடிப்பு, எது கீச்சு என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது. அதனால் மேப்பிங் வருஷக்கணக்கில் போகும், முன்னேற்றமும் அப்படித்தான் வரும்.

கிடைப்பது என்ன? பலருக்குச் சத்தம் இருக்கிறது என்ற உணர்வு, பேர் சொன்னால் திரும்புவது, உதட்டைப் பார்த்துப் புரிவதற்குத் துணை. சிலர் முகம் பார்க்காமலே சொற்களைப் பிடிக்கிறார்கள். யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே சைகை மொழியை ஒப்பரேஷனுக்கு முன்பே தொடங்குங்கள். சைகை பழகினால் பேச்சு வராது என்று மிரட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏ.பி.ஐ. பிள்ளை விஷயத்தில் அந்த ஆலோசனை பிள்ளையை மொழியே இல்லாமல் விட்டுவிடும். தெரபி வீட்டுப் பாஷையில் நடக்க வேண்டும். தமிழ் பேசும் ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் என்ன பயிற்சி என்பதை எழுதி வாங்கி, வீட்டில் தமிழில் செய்யுங்கள்.

தினமும் காலையில் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைப் பின்னாலிருந்து சொல்லி, எதற்குத் திரும்புகிறது என்று கொப்பியில் குறியுங்கள். மேப்பிங்குக்குப் போகும்போது அந்தக் கொப்பிதான் பேசும். தகரக் கூரையில் மழை பெய்யும்போது பயிற்சி வேண்டாம். அந்த இரைச்சலில் பேச்சு முழுகிவிடும். கம்பளிக் குல்லா கொயிலை (வெளிக்கருவியிலிருந்து வந்து தலையில் காந்தத்தால் ஒட்டும் வட்டு) தள்ளிவிடும், கொயிலுக்கு மேல் தளர்வாக வருகிற மாதிரிப் பின்னுங்கள். கொயில் அடிக்கடி விழுகிறதே என்று காந்தத்தைக் கூட்டினால் தோல் சிவந்து புண்ணாகும். இரவில் வெளிக்கருவியைச் சிலிக்கா மணி போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அடுப்புக்கு மேல் காய வைத்தால் போய்விடும். ஒரு கேபிள் எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும், முதலில் உடைவது அதுதான்.

இம்பிளான்ட் அட்டையைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி, கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்: தலைக்குள் காந்தக் கருவி உண்டு, இம்பிளான்ட் டொக்டரிடம் கேட்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, தலை கழுத்துப் பகுதியில் மொனோபோலர் டயதர்மி (ஒப்பரேஷனில் பாவிக்கும் மின்சூட்டுக் கருவி) பாவிக்கக் கூடாது, காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மெனின்ஜைட்டிஸ் என்று நினைத்துப் பார்க்கவும். இரவு வோர்டில் கடமையில் இருப்பவர் ஏ.பி.ஐ.யைப் பார்த்திருக்க மாட்டார்.