மகன் படிக்கும் பள்ளியில் மாற்று ஆசிரியை

லாஸ் ஏஞ்சலிஸ் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில், ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த பங்குப் பள்ளியில் என் மகன் படிக்கிறான். நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். வீட்டுக்குப் பக்கம், வகுப்பில் பிள்ளைகளும் குறைவு என்று சேர்த்தோம். இங்கே கட்டணம் கட்டினால் மட்டும் போதாது, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பெற்றோர் பள்ளிக்கு உழைக்கவும் வேண்டும். மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அந்தக் கணக்கைக் கழித்துவந்தேன். ஆசிரியை ஒருவர் பிரசவ விடுப்பில் போனபோது, "நீங்கள் பட்டதாரிதானே, அவ்வப்போது வகுப்பைக் கவனிக்க முடியுமா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளி என்றால் மாநில ஆணையத்திடம் 30 நாள் மாற்று ஆசிரியர் அனுமதி வாங்க வேண்டும். தனியார் பள்ளிக்கு அது வேண்டாம். ஆனால் சம்பளம் என்று வந்துவிட்டால் வேலை செய்யும் உரிமையைக் காட்டியாக வேண்டும். நான் எச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குத் தரும் விசாவில் இருப்பவள். கணவரின் கிரீன் கார்டு மனு பாதி தாண்டியிருந்ததால், 2015இல் வந்த விதிப்படி வேலை அனுமதி அட்டை கையில் இருந்தது. அட்டை இல்லாதவர்கள் 'சம்பளம் வேண்டாம், சும்மா எடுக்கிறேன்' என்று இறங்கிவிடாதீர்கள். பிறருக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையை இலவசமாகச் செய்வதும் விசாவுக்கு வம்பாகலாம்.

அடுத்து கைரேகை. மாநில நீதித் துறைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் போகிறது. பாத்திரம் தேய்த்தே ரேகை தேய்ந்த என் கட்டை விரலை இயந்திரம் ஏற்கவே இல்லை. அங்கிருந்த பெண் களிம்பு தடவி, துடைத்து, மறுபடி அழுத்தினார்.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்கள் உஷாராக இருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்தவர் என்றாலே பரிசோதனை கேட்பார்கள். சின்ன வயதில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி குத்திக்கொண்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறை தவறாக 'இருக்கிறது' என்று காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, அலைச்சல். முதலிலேயே ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியைத் தன்னார்வலராக இருந்தபோதே முடித்திருந்தேன். பாதிரியார்களின் பாலியல் குற்றங்கள் அம்பலமானபின் 2002இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) டல்லாஸில் கூடி நிறைவேற்றிய சாசனத்தின் விளைவு அது. சடங்குக்கு நடத்துவார்கள் என்று போனேன், அப்படி இல்லை. குற்றவாளி எப்படிப் பெற்றோரின் நம்பிக்கையை முதலில் சம்பாதிக்கிறான் என்று விளக்கியது இன்னும் மனதில் நிற்கிறது. ஆசிரியையாகப் போகும்போது மாநிலச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பிள்ளையை யாரோ கொடுமைப்படுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் உடனே தொலைபேசியில் புகார், 36 மணி நேரத்துக்குள் எழுத்தில். தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன் என்று கை கழுவ முடியாது.

வகுப்பு நடத்துவதில் பெரிய கஷ்டம் இல்லை. காலைச் செபம் திருச்சி கான்வென்ட் நாட்களிலிருந்தே மனப்பாடம். பள்ளித் திருப்பலியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். கத்தோலிக்கர் வரிசையில் போய் அப்பம் பெறும் நற்கருணை நேரத்தில் இடத்தைவிட்டு எழமாட்டேன். புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை பெறத் தயாராகும் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பெரிய பாவம் செய்தவர்கள் அதைப் பெறக் கூடாது என்று படித்திருந்ததால், "நீங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டீர்களா?" என்று பரிவோடு கேட்டான்.

என் மகன் வகுப்புக்கும் போக நேர்ந்தது. வீட்டிலேயே ஒப்பந்தம் போட்டோம்: பள்ளியில் நான் மிசஸ்தான், அம்மா இல்லை. அவன் சரியாக நடந்துகொண்டான். அவன் நண்பர்கள்தான் "இன்றைக்கு அவனுக்கு என்ன மதியச் சாப்பாடு?" என்று என்னிடம் விசாரித்தார்கள்.

பெற்றோராக இருப்பதன் உண்மையான சங்கடம் மேசைமேல் இருக்கும் கோப்பில்தான் தொடங்குகிறது. யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாருக்குத் தனிப் பயிற்சி, மாலையில் யாரை யாரோடு அனுப்பலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு பெயருக்கு எதிரே 'தாயிடம் மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்தத் தந்தையோடு முந்தின வாரம்தான் பிறந்தநாள் விழாவில் சிரித்துப் பேசியிருந்தேன்.

மூன்று மணிக்கு வாசலில் நான் மறுபடி எல்லாரையும் போல ஒரு தாய். "எங்கள் பெண் எப்படிப் படிக்கிறாள்? அந்தப் பையன் இன்றும் அடித்தானாமே?" என்று தோழிகள் சூழ்ந்துகொள்வார்கள். "டீச்சரிடம் கேளுங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்வதில்லை. வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். அதற்குப் பெரிய மனஸ்தாபம்; இரண்டு பேர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.