களத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு

நியூயார்க்கில் ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஐந்தரை. அங்கே ஏழு என்றால் இங்கே நாலரை. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். இரண்டு கறவை மாடுகள். தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்துவிட்டு, போனைத் தொட்டி மேல் ஒரு செங்கல்லில் சாய்த்து நிறுத்தி, மடி கழுவ உட்காருவேன். நியூயார்க் லிபர்ட்டி கூடைப்பந்து அணிப் பெண்கள் ஆட்டம் தொடங்குவார்கள்.

2020 ஊரடங்கில்தான் இந்த அணி எனக்குக் கிடைத்தது. பஸ் இல்லை, வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனியிலிருந்து வந்து வீட்டோடு இருந்தார், பொழுது போகவில்லை. பள்ளியில் ஆடிய ஆட்டமாயிற்றே என்று யூடியூபில் பெண்கள் கூடைப்பந்து தேடினேன். சப்ரினா யொனெஸ்கு என்று ஒரு புதுப் பெண். தன் இரண்டாவது ஆட்டத்திலேயே 33 பாயிண்ட். மூன்றாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகி, அந்த சீசனே அவளுக்கு முடிந்துவிட்டது. அந்த வருடம் லிபர்ட்டி ஆடியது 22 ஆட்டம், ஜெயித்தது இரண்டே இரண்டு. அந்த இரண்டில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன். தோற்கிற அணி என்று தெரிந்தேதான் பிடித்துப்போனது. அணியில் பாதிக்கு மேல் புதுப் பிள்ளைகள். அடி வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

பின்னாடிப் போய்ப் பழைய கதையெல்லாம் தேடிப் படித்தேன். 1997-ல் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோதே இருந்த அணி இது. முதல் வருடமே இறுதிப் போட்டி, தோல்வி. 1999-ல் ஹூஸ்டன் காமெட்ஸோடு இறுதிப் போட்டி. இரண்டாவது ஆட்டம், இரண்டு பாயிண்ட் பின்தங்கி, கையில் மிச்சம் 2.4 விநாடி. ஹூஸ்டன் அரங்கில் வெற்றிக் காகிதத் துணுக்குகள் கூட விழ ஆரம்பித்துவிட்டன. தெரசா வெதர்ஸ்பூன் பாதி மைதானத்திலிருந்து பந்தை வீசினார். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 68-67. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த நாளே மூன்றாவது ஆட்டத்தில் தோற்றுக் கோப்பையை விட்டுவிட்டார்கள். 2000, 2002, 2023 என்று மேலும் மூன்று இறுதிப் போட்டி, மூன்றும் தோல்வி. நடுவில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் போன்ற பெரிய அரங்கை விட்டு, ஊருக்கு வெளியே ஒரு சின்ன அரங்கத்துக்கு அனுப்பப்பட்ட காலமும் உண்டு. 2019-ல் ஜோ சாயும் அவர் மனைவி கிளாரா வூ சாயும் வாங்கிய பிறகுதான் புரூக்லினில் ஒழுங்கான வீடு அமைந்தது.

நான் சொல்ல வந்தது 2024.

மின்னசோட்டா லிங்க்ஸோடு இறுதிப் போட்டி, ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் இங்கே அக்டோபர் 11 காலை ஐந்தரை. அன்றைக்கு ஆயுத பூஜை. முந்தின நாளே அரிவாள், மண்வெட்டி, பால் கேன், தையல் மிஷின் எல்லாம் கழுவித் துடைத்து வைத்தாயிற்று. என் பழைய பந்தையும் கழுவி அந்த வரிசையில் வைத்திருந்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

லிபர்ட்டி ஒரு கட்டத்தில் 18 பாயிண்ட் முன்னால். பால் சொசைட்டிக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், இடைவெளி கரைந்துகொண்டிருக்கிறது. கடைசியில் லிங்க்ஸின் கர்ட்னி வில்லியம்ஸ் மூன்று பாயிண்ட் போட்டு, அதிலேயே ஃபவுலும் வாங்கி நான்காவதையும் எடுத்தார். லிங்க்ஸ் ஒரு பாயிண்ட் முன்னால். 0.8 விநாடி இருக்கும்போது லிபர்ட்டியின் பிரியானா ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஃபவுலுக்காகக் கோட்டில் நின்று, யாரும் தடுக்காமல் எறியலாம், ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். முதலாவது உள்ளே. சமம். இரண்டாவது போட்டால் வெற்றி. வளையத்தில் பட்டு வெளியே வந்தது. ஓவர்டைமில், அதாவது சமமானதால் கிடைத்த கூடுதல் நேரத்தில், 95-93 என்று தோற்றார்கள்.

கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். ஏனென்றால் அந்த ஃப்ரீ த்ரோ எனக்குத் தெரிந்த ஃப்ரீ த்ரோ.

பிளஸ் ஒன் படிக்கும்போது மண்டல அளவுப் போட்டியில் எங்கள் பள்ளி அணிக்கு நான் ஆடினேன். சிமெண்ட் கோர்ட், வெயில், கால் எரியும். கடைசி நிமிடம், ஒரு பாயிண்ட் பின்னால், எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் தவறியது. பி.டி. டீச்சர் திட்டவே இல்லை, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு என் தோளில் கை வைத்துக்கொண்டே பஸ் வரைக்கும் நடந்து வந்தார். அடுத்த வருடம் பொதுத் தேர்வு என்று வீட்டில் ஆட விடவில்லை. அதன் பிறகு கல்யாணம். அந்தக் கோட்டில் திரும்ப நிற்க எனக்கு வாய்க்கவில்லை.

ஸ்டூவர்ட்டுக்கு வாய்த்தது. பத்தே நாளில்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஆட்டம் லிபர்ட்டிக்கு. மூன்றாவது மின்னசோட்டாவில், ஒரு விநாடி இருக்கும்போது சப்ரினா தூரத்திலிருந்து போட்ட மூன்று பாயிண்டில் 80-77. அதே ஆட்டத்தில் ஸ்டூவர்ட் 30 பாயிண்ட் எடுத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்காவதை லிங்க்ஸ் 82-80 என்று எடுத்தது. ஆக, எல்லாம் ஐந்தாவது ஆட்டத்தில்.

அக்டோபர் 21, திங்கட்கிழமை. பள்ளி நாள். அத்தை முந்தின இரவே, "பாலை நான் கொண்டு போறேன், நீ உன் பொண்ணுங்களைப் பாரு" என்று சொல்லிவிட்டார்.

ஆட்டம் நன்றாகவே இல்லை. லிங்க்ஸ் 12 பாயிண்ட் வரை முன்னால் போனது. சப்ரினா எறிந்த பந்து ஒன்றும் விழவில்லை. அன்றைக்கு மொத்தம் 19 தடவை முயன்று ஒரே ஒரு முறைதான் போட்டார். ஆனால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பி ஓடி, ஆள் பிடித்து நின்றார். அணியைத் தாங்கியது மற்றவர்கள். பஹாமாஸ்காரி ஜான்குவெல் ஜோன்ஸ், ஆறரை அடி உயரம், அன்றைக்கு 17 பாயிண்ட், தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். பெஞ்சிலிருந்து வந்த நியாரா சபாலி 13, லியோனி ஃபீபிஷ் 13, இரண்டு பேரும் ஜெர்மனிக்காரர்கள்.

நாலாவது குவார்ட்டரில் என் பெண்ணுக்கு இரட்டைச் சடை போட்டுக்கொண்டிருந்தேன். போன் அவள் மடியில். 60-58, லிங்க்ஸ் முன்னால், 5.2 விநாடி. ஸ்டூவர்ட் உள்ளே புகுந்து எறிய, விசில். லிங்க்ஸ் மறுபரிசீலனை கேட்டது. நடுவர்கள் வீடியோ பார்த்துவிட்டு ஃபவுல் ஃபவுல்தான் என்றார்கள். லிங்க்ஸ் பயிற்சியாளர் செரில் ரீவ் ஆட்டம் முடிந்ததும் கொதித்துப்போய்ப் பேசினார். இதில் நான் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன், நானாக இருந்தால் விசில் ஊதியிருக்க மாட்டேன். லிங்க்ஸ் ரசிகர்களின் வருத்தம் நியாயமானது. அவர்களின் நஃபீசா காலியர் அந்தத் தொடர் முழுக்க ஆடிய ஆட்டத்துக்கு அவர்கள் இப்படித் தோற்றிருக்கக் கூடாது.

ஆனால் விசில் ஊதியாகிவிட்டது. ஸ்டூவர்ட் அந்தக் கோட்டில் வந்து நின்றார். பத்து நாளுக்கு முன் தவறவிட்ட அதே புரூக்லின் அரங்கம். நான் ரிப்பனைக் கையில் பிடித்தபடி மூச்சு விடாமல் இருந்தேன். முதலாவது உள்ளே. இரண்டாவதும் உள்ளே. 60-60.

"அம்மா, சடை இழுக்குது" என்றாள். கையை விட்டேன்.

ஓவர்டைம் தொடங்கும்போது வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "நீங்க போங்கண்ணா, நான் வண்டியில கொண்டு வந்து விடறேன்" என்று வாசலிலிருந்து கத்தினேன். அந்த ஐந்து நிமிடம் நாங்கள் இருவரும் திண்ணையில். ஃபீபிஷ் எடுத்த எடுப்பில் ஒரு மூன்று பாயிண்ட். அப்புறம் சபாலி பந்தைப் பறித்துக்கொண்டு போய்ப் போட்டார். லிங்க்ஸால் ஓவர்டைம் முழுக்க இரண்டு பாயிண்ட்தான் எடுக்க முடிந்தது. 67-62. லீக் தொடங்கி 28-வது சீசன், ஆறாவது இறுதிப் போட்டி, முதல் கோப்பை.

நான் அழுதேன். காலி கேனோடு அத்தை வந்து பார்த்துவிட்டு, "தோத்துட்டாங்களா கண்ணு?" என்றார். "ஜெயிச்சுட்டாங்கத்தை." "யாரு போட்டது, அந்த நெட்டப் பொண்ணா?" எல்லாரும் என்றேன்.

பிள்ளையை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கேழ்வரகு காயவைக்கும் களத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தேன். புளியமரத்தில் வீட்டுக்காரர் முன்பே கட்டிக் கொடுத்திருந்த இரும்பு வளையத்திலிருந்து பதினைந்து அடி. அன்றிலிருந்து சாயந்திரப் பால் கறந்த பிறகு நானும் என் பெண்ணும் ஆளுக்கு இருபது ஃப்ரீ த்ரோ போடுகிறோம். மழை வந்தால் கோடு அழிந்துவிடும், திரும்ப இழுப்போம். என் நல்ல நாளில் பதினாலு விழும். அவள் இன்னும் இரண்டு கையால்தான் எறிகிறாள், ஐந்தாறு விழுகிறது. முட்டியை மடக்கு, மூச்சை விடு, வளையத்தின் முன் விளிம்பைப் பார் என்று எங்கள் பி.டி. டீச்சர் சொன்னதைத்தான் அவளுக்கும் சொல்கிறேன்.

2025 சீசனைத் தொடர்ந்து ஒன்பது வெற்றியோடு தொடங்கினார்கள். பிறகு ஒருவர் மாற்றி ஒருவருக்குக் காயம், முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸ் மெர்க்குரியிடம் தோற்று செப்டம்பரிலேயே வெளியே வந்துவிட்டார்கள். அக்டோபர் 1 ஆயுத பூஜை. பார்க்க ஆட்டம் இல்லாத காலை. மாடுகளைக் குளிப்பாட்டிவிட்டு உள்ளே வந்தால், அத்தை பந்தைக் கழுவி அரிவாளுக்கும் பால் கேனுக்கும் நடுவில் வைத்துப் பொட்டும் வைத்திருந்தார். பக்கத்தில் என் பெண் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.