பென்சிலால் எழுதிய பதின்மூன்று பெயர்கள்

2024 ஜூன் 3, திங்கள்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை மறுபடி எடுத்தேன். கல்லூரியில் படித்தபோது பாதியில் நின்றுவிட்டது. இந்த முறை யார் யார் என்று குழம்பாமலிருக்க, பிழைப்புத் தேடி ஓக்லஹோமா மாநிலத்தை விட்டுக் கலிஃபோர்னியாவுக்கு லாரி ஏறும் ஜோட் குடும்பத்தாரின் பெயர்களைக் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பெரியப்பா ஜான், மகன்கள் நோவா, டாம், ஆல், கர்ப்பிணி மகள் ரோஸ் ஆஃப் ஷாரன், அவள் கணவன் கானி, சின்னவர்கள் ரூத்தி, வின்ஃபீல்ட். பன்னிரண்டு பேர். மத போதகராக இருந்து அதை உதறிவிட்ட கேசி பதின்மூன்றாவது ஆள்.

கேசியை ஏற்றிக்கொள்ளலாமா என்று பேச்சு வருகிறது. இன்னொரு வாய்க்குச் சோறு போட முடியுமா என்று அப்பா தயங்குகிறார். முடியுமா என்பதல்ல, நமக்கு மனம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்கிறாள் அந்த அம்மா. அவள் தொனியில் அப்பா வெட்கிப்போகிறார்.

இரவு கீரை ஆய்ந்துகொண்டே என் அம்மா கதை கேட்டாள். பயணத்துக்காக இரண்டு பன்றிகளை அறுத்து உப்புக்கண்டம் போட்டார்கள் என்றேன். "பதின்மூன்று பேருக்கு அது எத்தனை நாள் வரும்?" என்றாள்.

2024 ஜூன் 5, புதன்

இவர்களைத் துரத்தியது புழுதிப் புயல்தான் என்று எண்ணியிருந்தேன். 1935 ஏப்ரல் 14ஆம் தேதி பட்டப்பகலை இருட்டாக்கிய அந்தக் கருப்பு ஞாயிறு புகைப்படங்களில் பார்த்ததுதான். ஆனால் ஜோட் குடும்பத்தின் ஊரான சாலிசா ஓக்லஹோமாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. புயலின் கோரதாண்டவம் மேற்கே. கிழக்கே வாரத்துக்குப் பயிரிட்டவர்களைக் கிளப்பியவை வேறு. ஓயாத பருத்தியால் மண் செத்தது. 1929க்குப் பிறகு விலை சரிந்தது. மழை பொய்த்தது. பருத்திப் பரப்பைக் குறைத்தால் பணம் என்று 1933இல் அரசு அறிவித்தபோது, அந்தப் பணத்தின் பெரும்பங்கு நிலச் சொந்தக்காரர் கைக்குத்தான் போனது. குறைத்த நிலத்தில் குடியானவன் எதற்கு? டிராக்டர் வந்தது.

டிராக்டர் ஓட்டுபவன் பக்கத்து வீட்டுக்காரரின் மகன். நாளுக்கு மூன்று டாலர் கூலி. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டை இடிக்க வந்தால் சுடுவேன் என்கிறார் குடியானவர். என்னைச் சுட்டால் வேறு ஆள் வருவான் என்கிறான் அவன். மேலாளரா, வங்கியா, அதற்கும் மேலேயா? யாரைச் சுடுவதென்று தெரியாமல் துப்பாக்கியோடு நிற்கும் அந்த மனிதரை நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது.

2024 ஜூன் 8, சனி

புறப்படும் இரவு. ஜோட் வீட்டு அம்மா தனியாக அடுப்பருகே உட்கார்ந்து, மூலை கிழிந்த ஓர் அட்டைப்பெட்டியைத் திறக்கிறாள். கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள், புகைப்படங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். மோதிரம், தோடு போன்ற சில்லறை நகைகளை மட்டும் ஓர் உறையில் போட்டுக்கொள்கிறாள். பிறகு அடுப்பு மூடியைத் தூக்கி, பெட்டியைத் தணல்மேல் வைக்கிறாள். அழுகை இல்லை. வெளியே லாரியில் சாமான் ஏற்றுகிறார்கள்; அவளுக்கு வேலை கிடக்கிறது.

இந்த ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தேன்.

2024 ஜூன் 9, ஞாயிறு

ஒரே நாளில் மூன்று பெயர்களை அடித்துவிட்டேன்.

முதல் இரவே தாத்தா போய்விட்டார். சவ அடக்கத்துக்குப் பணம் கட்ட வழியில்லை. சாலையோரத்தில் குழி வெட்டி, கொலை என்று யாரும் சந்தேகப்படக்கூடாதே என்று, இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்று காகிதத்தில் எழுதி, ஜாடியில் போட்டு உடலோடு புதைக்கிறார்கள். கொலராடோ ஆற்றங்கரை வந்ததும், இனி இந்த ஆற்றை விட்டு வரமாட்டேன் என்று நோவா கரையோரமாக நடந்தே போய்விடுகிறான்.

மூன்றாவது, பாட்டி. மொஹாவி பாலைவனத்தை இரவில் கடக்கிறார்கள். லாரியின் மேல்தட்டில் பாட்டியின் பக்கத்தில் அம்மா படுத்திருக்கிறாள். வழியில் விவசாயச் சோதனைச் சாவடி. சாமானெல்லாம் இறக்கச் சொல்கிறார்கள். பாட்டிக்கு உடம்பு மோசம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று அம்மா மன்றாடுகிறாள். விளக்கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். விடிந்து, கீழே பச்சைப் பள்ளத்தாக்கு தெரிய, எல்லாரும் அழகில் வாயடைத்து நிற்கும்போதுதான் சொல்கிறாள்: சாவடிக்கு முன்பே பாட்டி இறந்துவிட்டாள். இரவு முழுக்கப் பிணத்தோடு படுத்து வந்திருக்கிறாள். குடும்பம் இக்கரை சேர்ந்தாக வேண்டுமே.

நடுவில் இன்னொன்று. வழித்துணையாக வந்தவர்களின் கார் பழுதாகிறது. டாமும் கேசியும் தங்கிச் சரிசெய்யட்டும், மற்றவர்கள் முன்னே போகட்டும் என்று ஆண்கள் முடிவெடுக்கிறார்கள். அம்மா ஜாக்கியின் இரும்புக் கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறாள். நமக்கென்று மிச்சமிருப்பது சிதறாத இந்தக் குடும்பம் மட்டும்தான் என்பது அவள் வாதம். கணவர் அடங்கிப்போகிறார். குடும்ப ஒற்றுமை என்றால் ஏதோ தானாகச் சுரக்கும் பாசம் என்றே பேசிப் பழகிவிட்டோம். இங்கே அது ஒருத்தி கைவலிக்கச் செய்யும் வேலை.

2024 ஜூன் 13, வியாழன்

கலிஃபோர்னியா. கானி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். பிறர் செய்ததைத் தன்மேல் போட்டுக்கொண்டு கேசி சிறைக்குப் போனார். இரண்டு பெயர்கள்.

வேலை தேடி வந்தவர்கள் தங்கும் முகாமில், கூடாரத்துக்கு வெளியே அந்த அம்மா குழம்பு கொதிக்க வைக்கிறாள். வாசனைக்கு முகாமின் பிள்ளைகளெல்லாம் வந்து நிற்கிறார்கள். தன் வீட்டாருக்கே போதாது. கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். கடைசியில் சட்டியின் அடியில் கொஞ்சம் விட்டு வெளியே வைக்கிறாள். சத்தமே இல்லாமல் வழித்துத் தின்கிறார்கள். என் அம்மா இதைக் கேட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

2024 ஜூன் 15, சனி

கதையை விட்டு வெளியே வந்து கொஞ்சம் தேடிப் படித்தேன். ஸ்டைன்பெக் 1936இலேயே ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ செய்தித்தாளுக்காக இந்த முகாம்களைச் சுற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். நாவலை 1938 மே இறுதியில் தொடங்கி அக்டோபரில் முடித்தார். எழுதிய நாளெல்லாம் நாட்குறிப்பும் வைத்திருந்தார். 1939இல் நூல் வெளியான சில மாதங்களிலேயே, கதை நடக்கும் கெர்ன் மாவட்டத்தின் நிர்வாகக் குழு தன் நூலகங்களில் அதைத் தடைசெய்தது.

என்னை உறுத்துவது சனோரா பாப் என்ற பெண்ணின் கதை. அவரும் அந்த முகாம்களில் வேலை செய்துகொண்டே நாவல் எழுதினார். அவருடைய குறிப்புகள் ஸ்டைன்பெக்கின் கைக்கும் போயின. 1939இல் பதிப்பகம், இதே பொருளில் ஒரு நூல் வந்து பெரும் வெற்றி பெற்றுவிட்டது, இன்னொன்று விற்காது என்று கைவிட்டது. அந்த நாவல் அச்சானது 2004இல். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 'பெயர் அறியப்படாதவர்கள்' என்று பொருள்படும் தலைப்பு அது. அதையும் வாங்கிப் படிக்க வேண்டும். இத்தனை பெரிய துயரத்துக்கு ஒரு நாவல் போதும் என்று யார் முடிவுசெய்தார்கள்?

2024 ஜூன் 18, செவ்வாய்

பீச் பழத் தோட்டம். பெட்டிக்கு 5 சென்ட். குடும்பமே கூடிப் பறித்து இருபது பெட்டி, ஒரு டாலர். அந்த ஒரு டாலருக்கான சீட்டை எடுத்துக்கொண்டு அம்மா தோட்டத்துக் கடைக்குப் போகிறாள். வெளியே விற்பதைவிட எல்லாமே விலை அதிகம். இறைச்சி, ரொட்டி, உருளைக்கிழங்கு, காப்பித்தூள் வாங்கியதும் டாலர் தீர்ந்தது, சர்க்கரை விட்டுப்போனது. கடனுக்குக் கொடுத்தால் கடைப்பையனின் வேலை போய்விடும். அவன் தன் பையிலிருந்து பத்து சென்ட் எடுத்துக் கல்லாவில் போட்டுச் சர்க்கரையைக் கொடுக்கிறான்.

சிறையிலிருந்து வெளிவந்து கூலிக்காக வேலைநிறுத்தம் நடத்தும் கேசியை அந்த இரவே அடித்துக் கொல்கிறார்கள். ஏற்கனவே அடித்த பெயர், பென்சிலுக்கு வேலையில்லை.

2024 ஜூன் 20, வியாழன்

கேசியைக் கொன்றவனை அடித்துவிட்டு டாம் புதரில் ஒளிந்திருக்கிறான். யாரையும் பிரியவிடாமல் ஜாக்கிக் கைப்பிடியைத் தூக்கிய அதே அம்மா, நீ போய்விடு என்று இன்று தானே சொல்கிறாள். சிறுகச் சிறுகச் சேர்த்த ஏழு டாலரை அவன் கையில் திணிக்கிறாள். கும்மிருட்டு. முகம் தெரியவில்லை. விரல்களாவது நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று அவன் முகத்தைத் தடவிப் பார்க்கிறாள்.

டாமின் பெயரை அடிக்க மனம் வரவில்லை. மெல்லிசாக ஒரு கோடு போட்டேன்.

2024 ஜூன் 22, சனி

முடித்துவிட்டேன். வெள்ளம். ரயில் சரக்குப் பெட்டியில் குடியிருக்கும்போது ரோஸ் ஆஃப் ஷாரனுக்குப் பிரசவ வலி. அண்டை வீட்டுப் பெண்தான் கூட நின்று பார்க்கிறாள். குழந்தை இறந்தே பிறக்கிறது. ஆல், தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் வீட்டாரோடு அங்கேயே நின்றுவிட, மிச்சப்பேர் தண்ணீரில் இறங்கி மேட்டுக் கொட்டகைக்குப் போகிறார்கள். ஆறு பேர்.

கொட்டகையில் ஒரு பையன், பட்டினியில் சாகக் கிடக்கும் அவன் அப்பா. ஆறு நாளாகச் சாப்பிடவில்லை. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் சரி என்கிறாள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, குழந்தையை இழந்த அந்தப் பெண் முன்பின் தெரியாத அந்த மனிதருக்குப் பால் கொடுக்கிறாள்.

என் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு புத்தகத்தை வாங்கிக் கடைசித் தாளைப் பார்த்தாள். "அந்த இருவரையும் எழுதவில்லையா?" என்றாள்.

"கதையில் அவர்களுக்குப் பெயர் இல்லை அம்மா."

"பையன், அப்பா என்று எழுதிக்கொள்ளேன்" என்று பென்சிலை எடுத்து நீட்டினாள்.