வாய்ட் போட்டும் அடங்காத வார்னிங்

2024 மார்ச். பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, ஊரே தண்ணி லாரிக்குக் காத்துக் கிடந்த மாதம். நாங்கள் செய்வது அடுக்ககங்களுக்கான தண்ணீர் மீட்டர். வீட்டுக்கு ஒரு சென்சார், அடித்தளத்தில் லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன போர்டு, அதில் ஒரு எஸ்டி கார்டு. நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா ரீடிங்கும் அந்தக் கார்டில் எழுதப்படும். மாதக் கடைசியில் அதை வைத்துத்தான் வீடுவீடாகக் கட்டணம் பிரிப்பார்கள்.

சர்ஜாபூர் ரோடு பக்கம் ஓர் அடுக்ககத்தின் அசோசியேஷன் செயலர் போன் செய்தார். வேலூர்க்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். "என்னம்மா, மூணு நாளா ஒரு ரீடிங்கும் இல்ல. லாரிக்காரனுக்குப் பணம் கொடுத்தாச்சு. யார்கிட்ட எவ்வளவு வாங்கறதுன்னு நான் எதை வச்சுச் சொல்றது?" அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவ்வளவு களைப்பு அந்தக் குரலில்.

கார்டை எடுத்து வந்து பார்த்தோம். ஃபைலின் கடைசி வரி பாதியில் அறுந்து நின்றது. தேதி, நேரம், வீட்டு எண், அப்புறம் ஒரு "4". அதோடு சரி. பிழை தேடுவதற்காக நிரல் எழுதிவைக்கும் டீபக் லாக், கார்டு முழுவதையும் நிரப்பியிருந்தது. எங்கள் நிரல் சி மொழியில் எழுதியது. ஃபைலில் எழுதச் சொல்லி கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப்பகுதியை, கூப்பிடும் ரைட் என்ற சிஸ்டம் கால் அந்த வரியில் கேட்டதைவிடக் குறைவான பைட்டுகளை எழுதிவிட்டு, எத்தனை எழுதினேன் என்று சொல்லியிருக்கும். அடுத்த நிமிடத்திலிருந்து மைனஸ் 1, அதாவது தோல்வி. பிழை எண்ணைச் சொல்லும் எர்னோவில் 28, அதாவது இடம் இல்லை. மூன்று நாள் என்றால் 4,320 நிமிடம். அத்தனை முறையும் கெர்னல் சொல்லியிருக்கிறது, எங்கள் நிரல் ஒரு முறைகூடக் காதில் வாங்கவில்லை. ரைட் தரும் பதிலை எதிலும் பிடித்து வைக்காமல் கூப்பிட்ட கையோடு அடுத்த வரிக்குப் போயிருக்கிறோம்.

குழுவில் திண்டுக்கல் தம்பி ஒருவன் இருக்கிறான், சேர்ந்து எட்டு மாதம். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, இந்த வரிக்கு என் லேப்டாப்ல வார்னிங் வந்துச்சு. வாய்ட்னு கேஸ்ட் போட்டுப் பார்த்தேன், அப்பவும் போகல. பில்ட் சர்வர்ல வரல, அதனால விட்டுட்டேன்."

வார்னிங் என்பது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தரும் எச்சரிக்கை. வாய்ட் என்று கேஸ்ட் போடுவது, இந்தப் பதில் எனக்கு வேண்டாம் என்று நிரலிலேயே எழுதுவது. பில்ட் சர்வர், எங்கள் குழுவின் நிரலைக் கம்பைல் செய்யும் கணினி. இதில் இரண்டு கேள்வி இருந்தது. சர்வரில் ஏன் வரவில்லை? வாய்ட் போட்டும் லேப்டாப்பில் ஏன் போகவில்லை?

முதலாவதற்குப் பதில் நான்தான். ஜிடிபி என்ற கருவியில் ஒரு பிழையைத் துரத்தும்போது, எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில் ஆப்டிமைசேஷனை, அதாவது கம்பைலர் நிரலை வேகமாக்குவதை, ஓ-0 (வேண்டாம்) என்று மாற்றினேன், திருப்பி வைக்கவில்லை. ஜிலிப்சி என்பது லினக்ஸின் சி நூலகம். ஃபங்ஷன்களை அறிவிக்கும் அதன் ஹெடர் கோப்பில் ரைட்டின் அறிவிப்போடு "இதன் பதிலைப் பயன்படுத்தாவிட்டால் எச்சரி" என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு, ஒரு ஆட்ரிபியூட், ஒட்டியிருக்கிறது. ஆனால் அது ஒரு மேக்ரோ வழியாக, அதாவது கம்பைல் ஆகும் முன் வேறு எழுத்தாக விரியும் ஒரு சுருக்கப்பெயர் வழியாக வருவது. ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்பு இயங்கினால் மட்டும் அந்த மேக்ரோ ஆட்ரிபியூட்டாக விரியும், இல்லாவிட்டால் வெறுமையாகிவிடும். ஃபார்ட்டிஃபை இயங்க ஆப்டிமைசேஷன் வேண்டும். உபுண்டு லினக்ஸில் வரும் ஜிசிசி என்ற கம்பைலர், ஆப்டிமைசேஷன் இருந்தால் ஃபார்ட்டிஃபையைத் தானாகவே போட்டுக்கொள்ளும். தம்பி ஆப்டிமைசேஷனை ஓ-2 என்று போட்டிருந்தான், அவனுக்கு வார்னிங் வந்தது. சர்வரில் ஓ-0, அங்கே கம்பைலர் அந்த ஆட்ரிபியூட்டைப் பார்க்கவே இல்லை. நான் மாற்றிய ஓர் எழுத்தில் எச்சரிக்கையும் போகும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்விக்காக ஒரு சனிக்கிழமை முழுவதும் மர்ஃபி டவுன் வீட்டில் உட்கார்ந்து ஜிசிசியின் மூலநிரலைப் படித்தேன். நல்ல நாள் அது.

ஆட்ரிபியூட்டைப் பார்த்ததும் ஜிசிசி அதன் பெயரை ஒரு அட்டவணையில் தேடுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் பெயர், குறைந்தது எத்தனை ஆர்கியுமென்ட், அதிகம் எத்தனை, இது அறிவிப்புக்கா, டைப்புக்கா, ஃபங்ஷன் டைப்புக்கா, இதைக் கையாளும் ஃபங்ஷன் எது என்றெல்லாம் இருக்கும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அட்டவணையில் கிடைக்காது. இந்த ஆட்ரிபியூட்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதற்கும் ஒரு வார்னிங் தரும். கிடைத்தால், நம்முடைய இந்த ஆட்ரிபியூட் ஃபங்ஷனின் டைப்போடு சேர்ந்துகொள்கிறது. அந்த ஃபங்ஷனை யார் எங்கே கூப்பிட்டாலும் கூடவே வரும்.

அப்புறம் நிரல் கிம்பிள் என்ற இடைநிலை வடிவத்துக்கு மாறுகிறது. நீளமான கோவைகள் எல்லாம் ஒற்றை ஒற்றைச் செயல்களாக உடையும். பதிலை ஒரு மாறியில் வாங்கியிருந்தால் அந்தக் காலுக்கு (ஃபங்ஷனைக் கூப்பிடும் அழைப்புக்கு) இடது பக்கம் ஒன்று இருக்கும். வாங்காவிட்டால் இடது பக்கம் காலி. ட்ரீ-சிஎஃப்ஜி என்ற கோப்பில் உள்ள ஒரு சின்ன ஃபங்ஷன் ஒவ்வொரு செயலாகப் போய், இடது பக்கம் இல்லாத கால்களை மட்டும் நிறுத்தி, அவற்றின் ஃபங்ஷன் டைப்பில் அந்த ஆட்ரிபியூட் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் வார்னிங். அவ்வளவுதான். தம்பி போட்ட வாய்ட், இந்த இடத்துக்கு வருவதற்குள் தடயமே இல்லாமல் உதிர்ந்துவிடுகிறது. வாய்ட் போட்டதும் போடாததும் இங்கே ஒன்றுதான்.

கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இதே சோதனையை முன்கட்டத்திலேயே, கேஸ்ட் இன்னும் நிரலின் மரவடிவில் இருக்கும்போதே செய்கிறது. அதனால் அங்கே வாய்ட் போட்டால் அடங்கிவிடும். சி++ மொழியின் 2017 பதிப்பில் வந்த நோடிஸ்கார்ட் என்ற ஆட்ரிபியூட்டும் அப்படித்தான், ஜிசிசியிலும் வாய்ட் போட்டால் பேசாது.

ஜிசிசியின் பிடிவாதம் சரிதானா என்று பல வருடமாக வாதம் நடக்கிறது. ரைட் விஷயத்தில் நான் ஜிசிசி பக்கம். ஆனால் நிரல் சாகிற நேரத்தில் பிழைச் செய்திக்கான ஸ்டாண்டர்ட் எரரில் கடைசியாக ஒரு வரி எழுதும் இடம் இருக்கிறதே, அங்கே பதிலை வாங்கி என்ன செய்ய? அப்படிப்பட்ட ஒரே இடத்தில் ஒரு மாறியில் வாங்கி, பக்கத்தில் காரணத்தைக் கமென்ட்டாக எழுதினோம். ரஸ்ட் என்ற மொழியில் 1.81 பதிப்பிலிருந்து, 2024 செப்டம்பரிலிருந்து, எக்ஸ்பெக்ட் என்ற ஆட்ரிபியூட் இருக்கிறது. "இங்கே இந்த வார்னிங் வரும், தெரியும்" என்று காரணத்தோடு எழுதிவைக்கலாம். பின்னால் யாராவது நிரலை மாற்றி அந்த வார்னிங் வராமல் போனால், நீ எதிர்பார்த்தது வரவில்லை என்று கம்பைலரே சொல்லும். அடைத்து வைத்ததற்கும் கணக்கு வைத்துக்கொள்கிறது. சி மொழிக்கு இது வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மேக்ஃபைலை ஓ-2க்கு மாற்றிவிட்டோம். சென்சாரிலிருந்து படிக்கும் எங்கள் சொந்த ஃபங்ஷன்களுக்கும் அதே ஆட்ரிபியூட்டை, ஜிலிப்சியின் மேக்ரோவை நம்பாமல் நேரடியாகவே ஒட்டினோம். ஒட்டியதும் பதினோரு இடம் மாட்டியது. அதில் ஒன்று, சென்சார் பதிலே தராதபோது பழைய ரீடிங்கையே புதியதென்று எழுதிக்கொண்டிருந்தது. இதற்கு யாரும் போன் செய்யவே இல்லை, தப்பான எண் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

செயலரிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த மூன்று நாளுக்கு முந்தைய மாத சராசரியை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள்.

வார்னிங்கை எரராக மாற்றும் கம்பைலர் கொடி (ஃபிளாக்) எங்கள் நிரலுக்கு இப்போது போட்டாயிற்று. வெளியிலிருந்து வாங்கிய மோடம் நூலகத்துக்கு இன்னும் போடவில்லை, அதில் 62 வார்னிங் இருக்கிறது. தம்பியும் நானும் வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறோம். போன வாரம் ஒன்பது முடிந்தது.