ஏழாம் கேள்வி

ஜூலை 3
பாப்பா இன்றும் பள்ளிக்குப் போகவில்லை. போன் பீரோவுக்குள் இருக்கிறது. சாவி அக்கா இடுப்பில்.

ஜூலை 5
பிள்ளைகள் போன் குரூப்பில் அடுத்தவரைப் பற்றிப் பேசுவதை அளக்கும் என் ஆய்வு வினாத்தாளுக்கு ஒரு சொல்லைத் தேடியே நாள் போய்விட்டது. ‘புறங்கூறுதல்’ என்று போட்டால் எந்தப் பிள்ளை ‘ஆமாம்’ என்று டிக் போடும்? வள்ளுவர் 19ஆம் அதிகாரம் முழுக்கக் கண்டித்த குற்றம் அது. ‘வதந்தி’ என்றால் பொய் என்று நானே முதலில் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். ‘கிசுகிசு’ சினிமாக்காரர்களுக்கு. 2018இல் இதற்கென்றே ஒரு அளவுகோலை ஸ்பெயினிலும் கொலம்பியாவிலும் சரிபார்த்தார்கள். இரண்டு நாட்டுக்கும் ஸ்பானிஷ் பொது. எனக்கு ஒரே பள்ளிக்குள் வகுப்புக்கு வகுப்பு சொல் மாறுகிறது. கடைசியில் சொல்லே வேண்டாம் என்று இப்படி எழுதினேன்: “7. குரூப்பில் இல்லாத ஒருவரைப் பற்றி அந்தக் குரூப்பில் பேசியிருக்கிறேன்.” நல்லதாகப் பேசினாலும் இதில் வரும். வரட்டும். ஒரு தோழிக்கு உடம்பு சரியில்லை என்பதும் இந்த வழியாகத்தானே தெரிகிறது.

ஜூலை 6
ஏழாம் கேள்வியை மாற்ற வேண்டுமோ?

ஜூலை 9
பெற்றோர் கையெழுத்துக்குக் கொடுத்த படிவங்களில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. கையெழுத்துப் போடாத வீட்டுப் பிள்ளைகள்தான் எனக்கு அதிகம் வேண்டும்.

ஜூலை 14
முதல் சோதனை, பிளஸ் ஒன் மாணவிகள். பெயர் எழுத வேண்டாம் என்று மூன்று முறை சொல்லியும் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துப் பார்த்துத்தான் டிக் போட்டார்கள். ஒரு தாளில் ஏழாம் கேள்விக்கு ‘அடிக்கடி’யில் பென்சில் டிக். அதை அழித்து ‘ஒருபோதும் இல்லை’யில் போட்டிருக்கிறாள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து மறுபக்க எழுத்து தெரிகிறது. எக்செல்லில் அதற்கு 1 போட வேண்டும். போட்டேன்.

பாப்பா ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஜூலை 15
கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், க்ரான்பாக் ஆல்ஃபா, 0.70ஐத் தொடவில்லை. ஏழாம் கேள்வியை எடுத்தால் ஏறுகிறது. எடுத்துவிடு என்கிறார் கைடு. மனசு வரவில்லை. அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

ஜூலை 18
மேசையில் கிடந்த வினாத்தாளைப் பாப்பா படித்திருக்கிறாள்.

“சித்தி, நம்மளப் பத்திப் பேசினாங்களான்னு ஒரு கேள்விகூட இல்லையே?”

“அந்தக் குரூப்ல நாம இருக்க மாட்டோமே, எப்படிம்மா தெரியும்?”

“தெரியும். யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாங்க.”

பேசியவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். சும்மா பார்த்தவளுக்கும், படம் பிடித்து அனுப்பியவளுக்கும், அதைத் தனியாகத் திறந்து படித்தவளுக்கும் என் தாளில் இடமே இல்லை.

யார் அனுப்பியது என்று கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 19
அக்கா சாவியைக் கொடுத்துவிட்டாள். பாப்பா இன்னும் பீரோவைத் திறக்கவில்லை.